அடி

இருபத்திரண்டு வருஷம் அடித்தேன்.
தோலை, தகட்டை, தவறிப்போய் மைக்கை.
ஒருமுறை ஷெஃபீல்டில் வேன் கதவை,
பணம் தராமல் நழுவிய ஒருவனுக்காக.
இரட்டைப் பெடலில் என் கால்கள்
எவனையோ துரத்திக்கொண்டே இருந்தன.
பாட்டு முடியும், கால் நிற்காது.
இடது காதில் இன்றும் ஒரு கெட்டில்
கொதித்துக்கொண்டிருக்கிறது.
அணைக்க ஆளில்லை.

குழு கலைந்தது சண்டையில் அல்ல.
கிரெய்க்குக்கு இரட்டைப் பிள்ளைகள்.
டீனுக்கு டைல்ஸ் கடை.
எனக்கு இரண்டு கைகள் மிச்சம்.

லீட்ஸில், மூடிய தையல் ஆலையொன்றின் நிலவறை.
செவ்வாயும் வியாழனும்.
ஈரச் சுவர், ஒரே ஒரு ஹீட்டர்,
இருபது பேர், அவர்களைவிட அதிகமாய்ப் பீப்பாய்கள்.
பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நிற்கும் மார்வா
என் குச்சிகளை வாங்கி எடை பார்த்தாள்,
விறகு வாங்க வந்தவள் மாதிரி.
"கதவோரம் போடு" என்றாள்.
அவள் தந்தவை விரலைவிடக் கொஞ்சம் நீளம்.
நுனியில் ரப்பர்.
பென்சிலோடு போருக்குப் போவதுபோல் இருந்தது.

"டிரம்ஸ் அங்கேயே இருக்கிறதே,
இரும்பு தட்டுகிறவர்கள் பக்கத்தில்?"
வேண்டாம், மெட்டு வேண்டும் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

எண்ணெய்ப் பீப்பாயின் அடி அது.
சுத்தியலால் அடித்து அடித்துக் குழியாக்கிய அடி.
அடி வாங்கியே பாடப் பழகிய ஒன்றை
இனி அடிக்காதே என்றால்
என் கைக்கு என்ன விளங்கும்?
உள்ளே ஆமையோட்டுக் கட்டங்கள்.
என் வயிற்றுக்கு அருகே சி.
எதிர்க்கரையில் எஃப் ஷார்ப்.

மூன்றாம் வாரம், ஒரு கலிப்ஸோவின் திருப்பத்தில்
பழைய கால் விழித்துக்கொண்டது.
பெடல் இல்லாததால்
அதன் வேலையைக் கை செய்தது.
எஃப் ஷார்ப் தகரக் கூரையாகிவிட்டது.
இருபது பேரும் நிறுத்தினார்கள்.
எல்ராயின் எட்டு வயது மகன் மட்டும்
"ஊ" என்றான், மிகச் சரியான சுருதியில்.

சுருதி சேர்ப்பவர் நாட்டிங்காமிலிருந்து வரவேண்டும்.
அவருக்கு இடுப்பில் ஆபரேஷன், ஆறு வாரம் ஆகும்.
அதுவரை?
மார்வா தோளைக் குலுக்கினாள்.
"அந்த இடம் வந்தால் கையைத் தூக்கு.
இறக்காதே."

இறக்காமல் இருப்பது.
இதற்கு யாரும் எனக்கு இதுவரை
காசு கொடுத்ததில்லை.
முதல் வாரம் தோள்பட்டை வலித்தது,
அடித்த நாட்களில் வலிக்காத இடத்தில்.

கீழ்வீட்டு வெண்டல் பிரிக்ஸுக்கு
ரொட்டி ஆலையில் இரவு வேலை.
பகலில் உறங்குவார், அதாவது முயல்வார்.
நான் டிரம்ஸில் உட்காரும்போதெல்லாம்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை,
என் தரையை, இடிப்பார்.
ஒன்பது வருடத்தில் நாங்கள் பேசியது அவ்வளவே.
இப்போது என் சமையலறையில் பேன்.
பத்து நாளாய்க் கட்டை பேசவில்லை.
பதினொன்றாம் நாள் பயந்துபோய்
ஆள் செத்துகித்துப் போனாரோ என்று
இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.
பனியனோடு வந்து நின்றார்.
"அந்த ஒரு சுரம்
ஏன் ஒவ்வொரு தடவையும் வருவதில்லை?
அதற்காகக் காத்திருந்தே
தூக்கம் போகிறது."
உடைத்துவிட்டேன் என்றேன்.
"ம்" என்று சாத்திக்கொண்டார்.

மறுநாள் மதியம், மழை.
அதே மெட்டு, அதே வேகம்.
டி, ஜி, மறுபடி ஜி.
எதிர்க்கரை வந்தது.
கையைத் தூக்கினேன்.
இறக்கவில்லை.

கீழிருந்து
துடைப்பக் கட்டை.
ஒரே ஒரு அடி.
சரியாக அங்கே.